நாவல் பாட்காஸ்ட் பண்றோம்: "எழுத்தாளர் இதைத்தான் சொல்ல வந்தார்"னு எதை வச்சு சொல்றது?

ரெண்டாவது_வருஷம்_தமிழ்

எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னையில ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.ஏ. தமிழ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். இந்த செமஸ்டர்ல எங்க மேம் அசைன்மெண்ட் எழுதித் தர வேணாம், அஞ்சு அஞ்சு பேரா குரூப் பிரிஞ்சு பாட்காஸ்ட் பண்ணிக் குடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஒரு நாவலுக்கு ஒரு எபிசோடு, மொத்தம் மூணு எபிசோடு, ஒவ்வொண்ணும் 20 நிமிஷத்துக்குள்ள இருக்கணும், இன்டர்னல்ல 10 மார்க். தலைப்பு "நாவலாசிரியர் என்ன நினைத்து எழுதினார்?" கேட்டப்ப ரொம்ப ஈசியா தெரிஞ்சுது, பரீட்சையில "ஆசிரியர் இதன் மூலம் உணர்த்துவது யாது"ன்னு வர்ற கேள்விதானே, அதைப் பேசிட்டா போச்சுன்னு நினைச்சோம்.

முதல் நாவலா அசோகமித்திரனோட தண்ணீர் எடுத்தோம். சின்ன நாவல், மெட்ராஸ்ல நடக்குது, எல்லாரும் ரெண்டு நாள்ல படிச்சுட்டோம். ஞாயித்துக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல உக்காந்து குறிப்பு எடுத்துட்டு ஒரு ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போய் ரெகார்ட் பண்ணோம். பத்து நிமிஷம்கூட ஆகல, சண்டை வந்துடுச்சு. எங்க குரூப்ல ஒரு பையன், தண்ணிங்கிறது அன்புக்கான குறியீடு, நகரத்துல அன்பு வறண்டு போச்சுன்னு காட்டத்தான் ஆசிரியர் எழுதினார்னு சொன்னான், அது நோட்ஸ்ல அப்படியே இருக்கு. உடனே புளியந்தோப்புல இருந்து வர்ற ஃப்ரெண்ட் ஒருத்தி கோவமாயிட்டா. எங்க தெருவுக்கு லாரி வர்ற அன்னிக்கு எங்கம்மா வேலைக்கு லீவு போட்டுட்டு குடத்தை வரிசையில வச்சிருக்காங்க, இதுல குறியீடு எங்க இருக்கு, தண்ணின்னா தண்ணிதான், நீங்கல்லாம் பைப்பைத் திறந்தா தண்ணி வர்ற வீட்ல இருந்துக்கிட்டு அதை அன்புங்கிறீங்கன்னு சொன்னா. எல்லாரும் அமைதியாயிட்டோம். நான்தான் தொகுப்பாளர், அதனால எப்படியாவது முடிச்சு வைக்கணுமேன்னு "ஆக மொத்தத்துல ஆசிரியர் சொல்ல வந்தது என்னன்னா"ன்னு ஆரம்பிச்சேன், அவ என்னையே பார்த்து "உனக்கு எப்படித் தெரியும்? அவர் உங்கிட்ட வந்து சொன்னாரா?"ன்னு கேட்டா. அவர் 2017லயே இறந்துட்டார். அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல, நாலு நாளா அதையேதான் யோசிச்சிட்டு இருக்கேன்.

ரெகார்டிங் மொத்தம் 52 நிமிஷம் ஓடியிருக்கு, அதுல பாதி சண்டை. எனக்கு தெரிஞ்சாக வேண்டியது இதுதான். எழுத்தாளர் என்ன நினைச்சார்னு நம்ம சொல்ல முடியுமா, முடியும்னா எதை வச்சு சொல்றது? அந்தச் சண்டையை வெட்டி எடுத்துடலாமா, இல்ல அப்படியே விடலாமா? அப்புறம் ஆடியோல ஒரே ஃபேன் சத்தம், அதுக்கும் யாராவது வழி சொன்னீங்கன்னா நல்லாருக்கும்.

கைப்பம்பு_காலத்து_ஆள்

முதல்ல அந்த புளியந்தோப்புப் பொண்ணுக்கு என் அன்பைச் சொல்லும்மா. நான் வளர்ந்தது மேற்கு மாம்பலம், எழுபதுகள்ல எங்க வீட்ல கைப்பம்பு அடிச்சு அடிச்சுதான் தண்ணி எடுப்போம், காலையில நாலரைக்கு எழுந்து ஒரு சொம்பு தண்ணி மேல ஊத்தி பம்பை உயிர்ப்பிச்சு அப்புறம் அடிக்கணும், லேட்டாயிட்டா பக்கத்து வீட்டுக்காரங்க அடிச்சு முடிச்சிருப்பாங்க, நமக்கு காத்துதான் வரும். ஒரு குடம் ரொம்பறதுக்குள்ள யார் வீட்ல யாருக்கு என்ன பிரச்சனைங்கிறது தெருவுக்கே தெரிஞ்சுடும். அந்த நாவலைப் படிச்சப்ப எனக்கு முதல்ல தோணினது, இந்த மனுஷன் இந்த வரிசையில நின்னிருக்கார்ங்கிறதுதான். எந்தப் பம்புல எந்த நேரத்துல தண்ணி வரும், யார் யாரைக் கெஞ்சணும், தெருவைத் தோண்டிப் போட்டா என்னல்லாம் ஆகும், இதெல்லாம் கேள்விப்பட்டு எழுத முடியாது.

அந்த நாவல் 1970களோட தொடக்கத்துல கணையாழிங்கிற இலக்கியப் பத்திரிகையில தொடரா வந்துச்சு, சென்னைக்குத் தண்ணி குடுக்கிற மெட்ரோ வாட்டர் வாரியமே 1978லதான் வந்துச்சு, அதையும் பார்த்துக்கோங்க. நாவல்ல வர்ற ஜமுனா சினிமாவுல சின்னச் சின்ன வேஷத்துக்கு அலையுறவ, அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவுல 14 வருஷம் வேலை பார்த்தவர். அவருக்கு அந்தப் பொண்ணுங்களைத் தெரியும், அந்த வரிசையையும் தெரியும். அவர் என்ன நினைச்சார்னு சொல்றது கஷ்டம்தான், ஆனா அவருக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சுன்னு சொல்லலாம். அதுல இருந்து ஆரம்பிச்சீங்கன்னா யாரும் உங்களை எப்படித் தெரியும்னு கேட்க முடியாது.

2019 ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல சென்னைக்கு தண்ணி வந்துச்சே, அப்ப நான் இந்த நாவலை மறுபடி எடுத்துப் படிச்சேன். அம்பது வருஷம் கழிச்சும் அதே குடம், என்ன, அலுமினியம் போய் பிளாஸ்டிக் ஆயிருக்கு. சண்டையை வெட்டாதீங்க, அந்தப் பொண்ணு அவங்கம்மாவைப் பத்தி சொன்னதைக் கட்டாயம் வைங்க, ஆனா அவகிட்ட கேட்டுட்டு வைங்க, அவங்க வீட்டு விஷயம் அது.

பாயிரம்

நான் இருபத்தஞ்சு வருஷமா தமிழ் பாடம் நடத்துறேன், இப்பவும் வகுப்பு எடுக்கிறேன். உங்க மேம் செஞ்சது ரொம்ப நல்ல காரியம், அதை ஏன் சொல்றேன்னா பழைய இலக்கண நூலான நன்னூலோட பொதுப்பாயிரத்துல, அதாவது முன்னுரைப் பகுதியில, மாணவன் எப்படிக் கத்துக்கிறான்னு ஒரு கணக்கு இருக்கு, நீங்க முதல் வருஷத்துலயே படிச்சிருப்பீங்க. ஆசிரியர் சொல்றதை முழுக்க ஒழுங்கா வாங்கிக்கிட்டாலும் கால் பங்குதான் வரும். கூடப் படிக்கிறவங்களோட பழகிப் பேசினா இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, அதாவது ரெண்டு கால், மத்தவங்களுக்கு எடுத்துச் சொல்றப்பதான் வருதுன்னு பவணந்தி முனிவர் சொல்றார். அதை மனப்பாடம் பண்ண வச்சு மார்க் போட்ட நாங்களே இத்தனை வருஷமா அந்த ரெண்டு காலை மாணவர்கள்கிட்ட குடுக்கவே இல்ல. நாலு பேரோட பேசி, அதை வெளியில கேக்குற மாதிரி சொல்றீங்கல்ல, நூற்பாவுல இருக்கிறது அதுதான்.

இப்ப கேள்விக்கு வர்றேன். ஒரு நூலுக்குன்னே எழுதுற முன்னுரைக்குச் சிறப்புப்பாயிரம்னு பேர், அதுல என்னென்ன இருக்கணும்னு நன்னூல் எட்டு விஷயம் சொல்லுது, அதுல யார் எழுதினது, எதைப் பத்தினது, கேட்போர் யார், பயன் என்னங்கிறதெல்லாம் வருது. ஆனா அந்தப் பாயிரத்தை நூலாசிரியரே எழுதக் கூடாது, அவரோட ஆசிரியர், கூடப் படிச்சவர், மாணாக்கர், இல்லன்னா உரைகாரர், இவங்கள்ல ஒருத்தர்தான் எழுதணும். தன்னைத் தானே புகழ்ந்துக்கக் கூடாதுங்கிறது காரணம். எனக்கு அதுல இன்னொண்ணும் தெரியுது, ஒரு நூலோட நோக்கத்தை அடுத்தவங்க சொல்லலாம்னு நம்ம மரபு ரொம்ப காலம் முன்னாடியே இடம் குடுத்திருக்கு, ஆனா நூலைப் படிச்சு அறிஞ்சவங்கதான் சொல்லணும்னு ஒரு கட்டும் வச்சிருக்கு. நீங்க பண்ற எபிசோடு ஒவ்வொண்ணும் ஒரு பாயிரம்னு நினைச்சுக்கோங்க.

நாவல்னு வந்தப்ப எழுத்தாளர்களே முன்னுரை எழுத ஆரம்பிச்சுட்டாங்க. முதல் நாவல்னு சொல்ற பிரதாப முதலியார் சரித்திரத்துல (1879) வேதநாயகம் பிள்ளை, தமிழ்ல உரைநடை நூல் இல்லாத குறையைப் போக்கத்தான் எழுதினேன்னு முன்னுரையிலயே சொல்லிட்டார். இவ்வளவு தெளிவா நோக்கத்தைச் சொன்ன நாவல் குறைவு. ஆனா இன்னிக்கு என் வகுப்புல பசங்க அந்த நாவல்ல எதைப் பிடிச்சுக்கிறாங்க? ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு ராஜாவா ஆளுற இடத்தையும், தமிழ்நாட்டுக் கோர்ட்டுல ஏன் தமிழ்ல வாதாடக் கூடாதுன்னு அவர் கேக்குற இடத்தையும். அவரே முன்சீப்பா, அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதியா இருந்தவர், அந்தக் கோவம் எங்க இருந்து வந்துச்சுன்னு நமக்குப் புரியுது. முன்னுரையில சொன்ன நோக்கம் ஒண்ணு, நாவல் போய்ச் சேர்ந்த இடம் அதைவிடப் பெருசு. ரெண்டையும் பேசலாம், ஒண்ணுக்கு ஒண்ணு பகையில்ல.

வகுப்புல நான் செய்யறது இதுதான். பேசறப்ப ஒவ்வொரு வாக்கியத்தையும் "நாவல்ல இருக்கு", "அவர் வேற இடத்துல சொல்லியிருக்கார்", "எனக்குத் தோணுது" இந்த மூணுல ஒண்ணை வச்சு ஆரம்பிக்கச் சொல்வேன். முதல்ல சொன்னதுக்கு பக்க எண் சொல்லணும். ரெண்டாவதுக்கு எந்தப் பேட்டி, எந்தக் கட்டுரைன்னு சொல்லணும். மூணாவதுக்கு ஏன் தோணுதுன்னு சொல்லணும், அந்தப் புளியந்தோப்பு மாணவி சொன்ன மாதிரி. முதல் பத்து நிமிஷம் பசங்களுக்கு எரிச்சலா இருக்கும், அப்புறம் பாருங்க, யார் எதை எங்க இருந்து பேசறாங்கன்னு அவங்களுக்கே தெரிய ஆரம்பிச்சுடும். "ஆசிரியர் உணர்த்துவது"ங்கிற வாக்கியம் தானா குறைஞ்சுடும்.

ஓரமா_ஒரு_வாசகன்

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எழுத்தாளர் என்ன நினைச்சார்ங்கிற கேள்வியே தேவையில்லைன்னு சொல்ற ஒரு பெரிய மரபு இருக்கு. 1946ல விம்சாட், பியர்ட்ஸ்லின்னு ரெண்டு அமெரிக்கர்கள், எழுதினவரோட நோக்கத்தை வச்சு படைப்பை எடை போடறது பிழைன்னே கட்டுரை எழுதினாங்க. 1967ல பிரெஞ்சு விமர்சகர் ரொலாண் பார்த் இன்னும் ஒரு படி மேல போய் ஆசிரியனின் மரணம்னு எழுதினார். நம்ம ஊர்லயும் எண்பதுகள்ல அமைப்பியல் (ஸ்ட்ரக்சுரலிசம்) பேசினவங்க இதை நிறைய விவாதிச்சாங்க. உங்க மேம் குடுத்த தலைப்பையே கேள்வி கேட்டு ஒரு எபிசோடு பண்ணலாம், அதுக்கும் மார்க் போடுவாங்கன்னுதான் நினைக்கிறேன்.

ஆனா நான் ரொலாண் பார்த்தைப் படிச்சு பல வருஷம் "எழுத்தாளர் கிடக்கட்டும், பிரதி மட்டும்தான்"னு பேசிக்கிட்டு இருந்தவன், 2015 ஜனவரியில அந்தப் பேச்சு என் வாயை விட்டுப் போயிடுச்சு. பெருமாள்முருகனோட மாதொருபாகன் நாவலுக்கு எதிர்ப்பு வந்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துட்டான்னு அவரே ஃபேஸ்புக்ல அறிவிச்ச நாள் அது. தியரியில படிக்கிறப்ப ஆசிரியன் மரணம்ங்கிறது வாசகனுக்கு விடுதலை. நாமக்கல்ல அது நிஜமாவே ஒரு மனுஷனோட வாயை அடைக்கிறதா இருந்துச்சு. நாவல்ல வர்ற ஒரு விஷயத்துக்கு "இவன் எங்களை அவமானப்படுத்தத்தான் எழுதினான்"னு நோக்கம் கற்பிச்சாங்க, அந்த நோக்கத்தை வச்சுத்தான் அவ்வளவும் நடந்துச்சு. 2016 ஜூலையில சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லி, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து தனக்கு நல்லா வர்ற வேலையைச் செய்யட்டும், எழுதட்டும்ங்கிற மாதிரி முடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது, அடுத்தவனோட நோக்கத்தைப் பத்திப் பேசறது சாதாரண விஷயம் இல்ல, அதுல கவனம் வேணும். நீங்க அஞ்சு பேர் மைக் முன்னாடி அதைக் கவனமா பேசிப் பழகறீங்கன்னா அதை நான் பெருசாத்தான் நினைக்கிறேன்.

அதே மாதொருபாகன்ல இருந்து உங்களுக்கு ஒரு எபிசோடே இருக்கு. அந்த நாவல் முடிவைச் சொல்லாம நிக்கும். நாயகன் காளி உயிரோட இருக்கானா இல்லையான்னு தெரியாது. அப்புறம் அவர் ரெண்டு நாவல் எழுதினார், ஆலவாயன்ல காளி செத்துப் போயிட்டான், அர்த்தநாரியில காளி உயிரோட இருக்கான். எழுதினவரே ரெண்டையும் எழுதியிருக்கார். இப்ப மாதொருபாகன் முடிவுல ஆசிரியர் என்ன நினைச்சார்னு எப்படிச் சொல்வீங்க? ஒரு ஆளுக்குள்ள ஒரு எண்ணம்தான் இருக்கும்னு நம்ம நினைக்கிறதே தப்பு.

பாயிரம்

@ஓரமா_ஒரு_வாசகன் நல்லா சொன்னீங்க சார். இதுக்கு முன்னாடியே ஜெயகாந்தன் இதைச் செஞ்சிருக்கார். அக்கினிப் பிரவேசம் 1966ல விகடன்ல வந்த சிறுகதை. மழையில கார்ல ஏறி கெட்டுப் போயிட்டதா நினைச்சு அழுதுக்கிட்டு வர்ற மகளை, அம்மா தலையில தண்ணி ஊத்தி நீ சுத்தமாயிட்டேன்னு சொல்லிடறா. அவ்வளவுதான், ஊருக்குத் தெரியாது. அந்த அம்மா அப்படிச் செய்யாம கத்தி ஊரைக் கூட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்ங்கிறதுதான் அவர் அப்புறம் எழுதின சில நேரங்களில் சில மனிதர்கள் நாவல். அதுக்கு 1972ல சாகித்திய அகாதமி விருது கிடைச்சுது. நாவல்ல அந்த மகள் கங்கா அந்தச் சிறுகதையையே பத்திரிகையில படிக்கிறா, அதை எழுதின எழுத்தாளரும் ஆர்.கே.வி.ன்னு ஒரு பாத்திரமா உள்ள வர்றார். எழுத்தாளர் தன்னையே கதைக்குள்ள கொண்டு வந்து, எழுதின கதைக்குப் பதில் சொல்ல ஒரு பாத்திரத்துக்கு முன்னாடி நிக்க வைக்கிறார்! சிறுகதையையும் நாவலையும் அடுத்தடுத்து படிச்சா ஒரே ராத்திரிக்கு ஒரே ஆள் ரெண்டு விடை எழுதியிருக்கிறது தெரியும். ரெண்டாவது எபிசோடுக்கு இதை எடுங்கம்மா. சிறுகதையை ரெண்டு பேர், நாவலை மூணு பேர்னு பிரிச்சுக்கிட்டு வந்து உக்காருங்க.

மைக்_டெஸ்டிங்

தங்கச்சி, ஃபேன் சத்தத்துக்கு பதில் சொல்றேன், நான் வடபழனியில ஒரு டப்பிங் ஸ்டூடியோவுல வேலை பார்க்கிறேன். முதல் விஷயம், அஞ்சு பேருக்கு நடுவுல ஒரு ஃபோனை வச்சா யார் பேசறதும் தெளிவா வராது, ரூம் எதிரொலிதான் வரும். அஞ்சு பேர்கிட்டயும் ஃபோன் இருக்குல்ல, ஒவ்வொருத்தரும் அவங்க ஃபோன்லயே வாய்ஸ் ரெகார்டர் போடுங்க, வாயில இருந்து ஒரு சாண் தூரம், ஏரோப்ளேன் மோடுல போட்டுடுங்க. எல்லாரும் ரெகார்டிங் போட்ட உடனே ஒருத்தர் சத்தமா ஒரு கைத்தட்டு தட்டணும், அந்தத் தட்டு எல்லா ஃபைல்லயும் ஒரு முள்ளு மாதிரி நிக்கும், எடிட்ல அதை வச்சு அஞ்சையும் வரிசையில நிறுத்திடலாம். ஆடாசிட்டி இலவச சாஃப்ட்வேர், காலேஜ் லேப் கம்ப்யூட்டர்லயே ஓடும்.

ஃபேன், ஏசி ரெண்டும் ஆஃப். வேர்க்கும், சென்னைல வேற வழியில்ல, பத்து நிமிஷத்துக்கு ஒரு பிரேக் விடுங்க. கதவு ஜன்னல்ல கனமான போர்வை தொங்க விடுங்க, துணி அடுக்கின பீரோ இருக்கிற ரூம்னா இன்னும் நல்லது, துணி சத்தத்தைக் குடிச்சுடும். மொட்டை மாடி வேணவே வேணாம், காத்து மைக்ல அடிச்சா எந்த சாஃப்ட்வேராலயும் எடுக்க முடியாது. பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி யாரும் பேசாம பத்து செகண்ட் சும்மா ரெகார்ட் பண்ணுங்க, அந்த வெறும் சத்தத்தை மாதிரியா காட்டித்தான் ஆடாசிட்டில இரைச்சலைக் குறைக்க முடியும். ஃபைலை வாட்ஸாப்ல வாய்ஸ் மெசேஜா அனுப்பாதீங்க, குவாலிட்டி போயிடும், டிரைவ்ல போடுங்க.

பின்னாடி சினிமா பாட்டு, பிஜிஎம் எதுவும் போட வேணாம், உரிமைப் பிரச்சனை வரும், நாவல் பத்திப் பேச அது தேவையும் இல்ல. நாவல்ல இருந்து சின்னதா ஒரு பத்தி படிச்சு அதைப் பத்திப் பேசறது ஓகே, விமர்சனத்துக்காக எடுத்துக்காட்டறதுக்கு 1957 காப்புரிமைச் சட்டத்துல 52வது பிரிவு இடம் குடுக்குது. முழு அத்தியாயத்தையும் வாசிச்சு போட்டுடாதீங்க.

சண்டை பத்தி என் கருத்து. நான் தினமும் பேச்சை வெட்டி ஒட்டுறவன், அதனால சொல்றேன், ஒருத்தர் கேள்வி கேட்டதும் அடுத்தவர் பதில் தெரியாம நிக்கிற அந்த ரெண்டு மூணு செகண்ட் அமைதி இருக்கு பாருங்க, அதை வெட்டிடாதீங்க. எடிட் பண்ணப் பழகறவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் வெட்டுவாங்க. கேக்கறவங்க யோசிக்கிறது அந்த இடத்துலதான்.

உப்புக்காத்து

தூத்துக்குடிக்காரி, இப்ப திருவல்லிக்கேணி ஹாஸ்டல்ல இருக்கேன். மூணாவது எபிசோடுக்கு ராஜம் கிருஷ்ணனோட கரிப்பு மணிகள் எடுங்களேன். எங்க ஊர் உப்பளத்துல வேலை செய்றவங்களைப் பத்தின நாவல். அவங்க வீட்ல உக்காந்து கற்பனை பண்ணி எழுதுற ஆள் இல்ல, எந்த மக்களைப் பத்தி எழுதுறாங்களோ அந்த ஊருக்கே போய் அவங்களோட பேசிப் பழகி எழுதினவங்க, குறிஞ்சித்தேன் எழுத நீலகிரி படகர் மக்கள்கிட்ட போனாங்க. அதனால அவங்க நோக்கம் என்னன்னு கேட்டா, அவங்க எங்க போனாங்க, யாரைப் பார்த்தாங்கங்கிறதுலயே பாதி பதில் இருக்கு. எங்க ஆச்சி உப்பளத்துல வேலை பார்த்தவங்க, காலெல்லாம் வெடிச்சு இருக்கும், அந்த நாவலை நான் வாசிச்சுக் காட்டினப்ப "இவ களத்துல இறங்கிப் பார்த்திருக்கா"ன்னு சொன்னாங்க. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க சொன்னதைவிட நல்ல விமர்சனம் நான் எங்கயும் படிக்கல.

அவங்க நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கிடுச்சு, காப்புரிமைத் தடை இல்ல, அதனால இணையத்துலயே இலவசமா கிடைக்கும், அஞ்சு பேரும் காசு குடுத்து வாங்க வேண்டியதில்ல. நல்லா நீளமா வாசிச்சும் காட்டலாம்.

ரெண்டாவது_வருஷம்_தமிழ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணா பிரிண்ட் எடுத்து குரூப்ல குடுத்தேன். நேத்து மறுபடி ரெகார்ட் பண்ணோம், என்ன நடந்துச்சுன்னு சொல்லாம இருக்க முடியல.

பாயிரம் ஐயா சொன்ன மாதிரி ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த மூணுல ஒண்ணை வச்சுதான் ஆரம்பிக்கணும்னு வச்சுக்கிட்டோம். அன்புக்கான குறியீடுன்னு சொன்ன பையன்கிட்ட பக்க எண் கேட்டோம். அவன் அரை மணி நேரம் புரட்டினான், தண்ணின்னா அன்புன்னு எங்கயுமே ஒரு வரி இல்ல. நாவல்ல வர்ற டீச்சரம்மா ஜமுனாவுக்குத் தன் வாழ்க்கையைச் சொல்ற இடத்தைக் காமிச்சான், அது அன்புதான், ஆனா அதுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா அவனால சொல்ல முடியல. விட்டுடுவான்னு பார்த்தோம், கடைசியில அட்டையைத் திருப்பி தலைப்பைக் காமிச்சான். கதை முழுக்க ஜமுனாவைப் பத்தி, ஆனா ஜமுனான்னு பேர் வைக்காம ஏன் தண்ணீர்னு வச்சார், அது அவர் வச்ச பேர்தானே, அதுல நோக்கம் இல்லையான்னு கேட்டான். நல்ல கேள்வி. அப்புறம் அவனே "ஜமுனாங்கிறதே ஒரு ஆத்தோட பேர்டா"ன்னு சொன்னான். சொல்லிட்டு அவனுக்கே ஆச்சரியம்.

இன்னொரு ஃப்ரெண்ட் உடனே, அந்தக் காலத்துல ஜமுனான்னு ஒரு பெரிய நடிகை இருந்தாங்க, சினிமா சான்ஸ் தேடுற பொண்ணுக்கு அந்தப் பேர் இயல்பா வந்திருக்கலாமேன்னு சொன்னா. ஆறா, நடிகையா, இல்ல சும்மா ஒரு பேரா? எங்களால முடிவு பண்ண முடியல, முடிவு பண்ணவும் இல்ல.

அப்பதான் புளியந்தோப்பு ஃப்ரெண்ட், அதுவரைக்கும் பேசாமயே இருந்தவ, மெதுவா சொன்னா. "எனக்குத் தோணுது. ஆத்தோட பேரை வச்சுக்கிட்டு ஒருத்தி ஒரு குடம் தண்ணிக்காக தெருத் தெருவா அலையுறா." அவ்வளவுதான் சொன்னா. யாரும் பேசல. மைக் அண்ணா சொன்னதால அந்த அமைதியை நான் வெட்டல, ஏழு செகண்ட் இருக்கு.

அவங்கம்மா பத்தின பேச்சை வைக்கலாமான்னு அவகிட்ட கேட்டேன், அம்மாவையே கேட்டுச் சொல்றேன்னு போயிருக்கா. எபிசோடு இப்ப 19 நிமிஷம் வந்திருக்கு. ஒரே ஒரு சந்தேகம், மேம் குடுத்த தலைப்புக்கு பதில்னு ஒண்ணும் எங்க எபிசோடுல இல்லையே, மார்க் போயிடுமோன்னு ரெண்டு பேருக்குப் பயம். கடைசியில ஒரு நிமிஷம் முடிவுரை மாதிரி சேர்க்கணுமா?

பாயிரம்

சேர்க்க வேணாம்மா. அந்த ஏழு செகண்டுக்கு அப்புறம் நீ பேசினா அது கலைஞ்சுடும். கேள்வியைக் கேட்ட விதத்துக்குத்தான் மார்க், நான்னா அப்படித்தான் போடுவேன். வேணும்னா தலைப்பு சொல்றப்பவே, முதல் நாள் உன்னைப் பார்த்து அவ கேட்ட "உனக்கு எப்படித் தெரியும்?"ங்கிறதை உன் குரல்லயே சொல்லி ஆரம்பி.

அஞ்சு_பேர்ல_ஒருத்தி

நான்தான் புளியந்தோப்பு. இவ சொல்லித்தான் இதைப் படிச்சேன். கைப்பம்பு அம்மா, உங்க அன்பு வந்து சேர்ந்துச்சு. அம்மாகிட்ட அந்த ரெகார்டிங்கைப் போட்டுக் காமிச்சேன், ரெண்டு தடவை கேட்டாங்க. வைக்கச் சொல்லிட்டாங்க. லீவு போட்ட அன்னிக்கு சம்பளம் பிடிச்சாங்க, அதையும் சேத்துச் சொல்லியிருக்கலாமேன்னு கேட்டாங்க, அதனால நாளைக்கு அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பேசப் போறேன்.